சொந்தக் கடையா, ஃபிரான்சைஸா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் தேநீர்க்கடை போட நினைக்கும் இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால், பேச்சு முதலீட்டில்தான் தொடங்கும். எவ்வளவு பணம் வேண்டும், வங்கி கொடுக்குமா, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் கொடுக்குமா என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக்குக் காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சொந்தக் கடை, வேறொரு நிறுவனத்தின் பெயரையும் முறையையும் கட்டணம் கட்டி வாங்கி நடத்தும் ஃபிரான்சைஸ் கடை என்று இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள் நான். ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த ஃபிரான்சைஸ் பானக் கடையில் கல்லாவில் சேர்ந்து, கிளை மேலாளர் வரை உயர்ந்தேன். இப்போது கணவரோடு இந்த ஊரில் சொந்தக் கடை நடத்துகிறேன். ஆனாலும் ஃபிரான்சைஸைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. தொழில் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கடைதான்.

அங்கே தேயிலைக்குத் தராசு உண்டு. ஊறும் நேரத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் உண்டு. வடித்த தேநீர்ப் பாத்திரத்தின்மேல் நேரம் எழுதிய சீட்டை ஒட்டுவோம். நான்கு மணி நேரம் தாண்டினால், பாதி மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். இரவில் கடை மூடியதும் விற்ற கோப்பைகளைக் கணினி சொல்லும், அலமாரியில் மிச்சமிருக்கும் காலிக் கோப்பைகளை நாங்கள் எண்ணுவோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. நம் ஒட்டுக்கடைகளில் எத்தனையோ நல்ல கைகள் நொடித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். தேநீரில் குறையே இருந்திருக்காது. கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்ததை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணும் பழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை.

பிறகு ஏன் சொந்தக் கடை? இந்த ஊரின் காலை நேரத்தைப் பார்த்தால் புரியும்.

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், தொழிற்சாலைப் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள், லாரி ஓட்டுநர்கள், பள்ளிக்கூடத்துக்கு முன்பே எழுந்துவிடும் ஆசிரியர்கள் எல்லாரும் விடிவதற்கு முன் வந்துவிடுவார்கள். துணிப்பையில் தேயிலைத் தூளை நனைத்து வைத்துவிட்டு, குவளைகளில் டின் பாலை ஊற்றிக்கொண்டே என் கணவர் வாசலைப் பார்ப்பார். உள்ளே நுழைகிறவரின் முகம் தெரிந்தவுடன் அவருடைய குவளையில் பால் கூடும் அல்லது குறையும். சர்க்கரை நோய் வந்தவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட சீனியில்லாத தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு நுரை ததும்ப இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக். செம்பனைக் குலை வெட்டப் போகும் வங்காளதேசத் தம்பிகளுக்கு, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரத்தில் ராஃபியா கயிற்றால் முடிச்சுப் போட்ட தே. மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் அதை மாட்டிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். அரை மணி நேரத்தில் கடை நிறைந்து வடிந்துவிடும். நான் வேலை பார்த்த கிளை காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதை மாற்ற மேலாளராலும் முடியாது, கிளை உரிமையாளராலும் முடியாது.

அடுத்தது 555 நோட்டு. கைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் கடன் புத்தகத்தை மலேசியாவில் தெரியாதவர் யார்? சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். கையில் காசு தீர்வதோ இருபதாம் தேதியிலேயே. இடைப்பட்ட நாட்களில் பசியாற வருகிறவரிடம் ‘காசு இருக்கிறதா’ என்று கேட்டால், சம்பளம் வந்த பிறகும் அவர் நம் கடைக்கு வரமாட்டார். யாருக்கு எவ்வளவு வரை எழுதலாம் என்பது ஆளைத் தெரிந்து எடுக்கும் முடிவு. எனக்குக் கடன் திரும்பாமல் போனதும் உண்டு. ஆனால், கடன் நோட்டே இல்லாத தேநீர்க்கடை இந்த ஊரில் காலூன்றும் என்று நான் நம்பவில்லை. ஃபிரான்சைஸ் கடையின் கணினியில் கடன் எழுத இடமே கிடையாது.

வழிப்போக்கர்களை நம்பிப் பிழைக்கவும் முடியாது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, நெடுந்தூர வண்டிகள் ஊருக்குள் வர அவசியமில்லாமல் போய்விட்டது. இங்கே கடை ஓடுவது ஊர்க்காரர்களால்தான்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். ராயல்டி, அதாவது பெயரையும் முறையையும் பயன்படுத்துவதற்குத் தலைமையகத்துக்குக் கட்டும் பங்கு, லாபத்தில் எடுக்கப்படுவதில்லை, மொத்த விற்பனையில் எடுக்கப்படுகிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு பேச்சுக்கு, ராயல்டி 6 விழுக்காடு, விளம்பர நிதிக்கு 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றால் 64 வெள்ளி தலைமையகத்துக்குப் போய்விடும். மழை பெய்து ஆள் வராத நாளிலும், வாடகை கட்டியபின் கையில் எதுவும் நிற்காத மாதத்திலும் அது போகும். இதற்குமேல் சேர்க்கைக் கட்டணம், அவர்கள் சொல்லும் அலங்காரம், அவர்களிடமே வாங்க வேண்டிய தூளும் கோப்பையும் இருக்கின்றன. சொந்தக் கடைக்கு எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் பதிவு, வணிகப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி, நம் சொந்தப் பெயரில் என்றால் 30 வெள்ளி. பிறகு நகராண்மைக் கழக உரிமம், உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு ஊசி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது இரண்டு வகைக் கடைக்கும் பொதுவான சுமை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது ஒப்பந்தம். 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டம் கிளை எடுப்பவருக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுக்கிறது. கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே ஒப்பந்த நகலும் விவர ஆவணங்களும் கைக்கு வர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற, குறைந்தது ஏழு வேலை நாட்கள் உண்டு. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அதே சட்டத்தில்தான் இன்னொன்றும் இருக்கிறது: ஒப்பந்தக் காலம் முழுவதும், அது முடிந்து இரண்டு ஆண்டுகள் வரையிலும், அதே மாதிரியான தொழிலைச் செய்யமாட்டோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நிறுவனமாகப் பதிந்திருந்தால் இயக்குநர்களின் கணவன் மனைவியும் நெருங்கிய குடும்பத்தாரும் ஊழியர்களும் அந்த உறுதிமொழிக்குள் வருகிறார்கள்.

பெரிய நிறுவனங்களையே இந்த விதி பிடித்திருக்கிறது. சாட்டைம் என்ற தேநீர்ப் பானக் கடைகளை மலேசியாவில் நடத்திய லூப் நிறுவனத்துக்கும், அந்தப் பெயருக்கு உரிமையாளரான தைவானின் லா காஃபாவுக்கும் 2017இல் உறவு முறிந்தது. கடைகள் டீலைவ் என்று பெயர் மாறின. 2018 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் லூப் நிறுவனத்துக்கு எதிராகத் தடை விதித்தது. பிறகு இரு தரப்பும் சமரசமானதால் கடைகள் தொடர்ந்தன. வழக்கறிஞர்கள் துணையிருந்த நிறுவனம் மீண்டு வந்தது. தேநீர் ஒன்றையே தொழிலாகக் கற்ற குடும்பம், இரண்டு ஆண்டு அடுப்பு மூட்டாமல் எப்படிச் சமாளிக்கும்?

சொந்தம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்காருகிறார்கள். அதனால் எனக்கு இது பட்டும் படாமலும் பேசும் விஷயமாக இல்லை.

பேரங்காடி, கல்லூரி வாசல், நெடுஞ்சாலை ஓய்விடம் மாதிரியான இடம் கிடைத்தால் நானே ஃபிரான்சைஸ் எடுக்கச் சொல்வேன். முகம் தெரியாத கூட்டம் பெயர்ப்பலகையை நம்பித்தான் உள்ளே வரும்.

என் நாத்தனார் மகள் இந்த ஊரிலேயே கிளை எடுக்க ஆசைப்படுகிறாள். “அத்தை, ஒருவர் உருவாக்கிய முறையைப் பின்பற்றினால் பயம் குறைவுதானே” என்றாள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கோப்பை எண்ணுவதையும் கணக்கு எழுதுவதையும் என்னிடமே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்; இப்போது காலையில் எங்கள் கடைக்கு வருகிறாள். ஒப்பந்த நகல் வந்துவிட்டது, கையெழுத்து இன்னும் போடவில்லை. அடுத்த வாரம் தைப்பிங்கில் அதே பெயரில் கிளை நடத்துபவரைப் பார்க்க இருவரும் போகிறோம். கேட்க வேண்டியவற்றை அவளே எழுதிவைத்திருக்கிறாள். ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அதில் முதல் கேள்வி.