முகத்து வெயிலும் முதுகு வெயிலும்

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில், அம்மா வீடு பொள்ளாச்சியில். நடுவில் கோபாலபுரம், அதைத் தாண்டினால் கேரளா. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரோடுதான். ஆனால் மாசி பிறந்துவிட்டால் வழி முழுக்கப் பின்சீட்டில் ஒரே கூப்பாடு. "அம்மா, சூரியன் என்னையே பாக்குது, வேற பக்கம் பாக்கச் சொல்லு" என்பான் ஐந்து வயது மகன். சின்னவளுக்கு ரெண்டு வயசு. அவளுக்கு வாதமெல்லாம் கிடையாது, நேராக அழுகைதான்.

காரின் முன்கண்ணாடி பரவாயில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, புற ஊதாக் கதிரை (யுவி) பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி அநேக வண்டிகளில் ஒற்றைக் கண்ணாடிதான். வெயிலில் தோலைப் பொசுக்கும் யுவி-பி கதிரை அது தடுத்தாலும், யுவி-ஏ கணிசமாக உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் உட்காருவதோ அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில். கண் கூசுவது ஒரு பாடு என்றால், பெல்ட்டின் இரும்புக் கொக்கி கையில் பட்டுச் சுடுவது இன்னொரு பாடு.

முதலில் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு வலை வாங்கினோம். மூலைக்கு மூலை ரப்பர் கிண்ணம், லேசாக ஈரம் தொட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பிடுங்கினால் 'டப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைச் சின்னவள் கண்டுபிடித்த அன்றோடு வலையின் கதை முடிந்தது. நான் ஒட்ட, அவள் பிடுங்க, நான் ஒட்ட, அவள் சிரிக்க. வெயில் நிற்கவில்லை, அழுகை நின்றது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. முன்சீட்டில் இருந்த என் மாமியாருக்குத்தான் போதவில்லை.

"கண்ணாடிக்கு வெயில் தடுக்கிற ஃபிலிம் ஒட்டிடலாம்" என்றார் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே குரல் கொஞ்சம் தணியும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டது. 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்று கிளம்பி, திரைச்சீலை மாட்டிய வண்டிகளையும் சேர்த்துப் பிடித்தது. அப்புறம் 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், விதியில் உள்ள அளவுக்கு வெளிச்சம் உள்ளே வந்தால் ஒட்டலாம் என்று சொல்லிவிட்டது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம். இவர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கி முடித்தார்.

"பாதி வெயில் உள்ள வரும்னா அப்புறம் எதுக்குடா காசு?" என்றார் அத்தை. ஃபிலிம் பேச்சு அங்கேயே முடிந்தது.

அடுத்த முறை பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது அத்தையே களத்தில் இறங்கினார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்வந்த நல்ல சிவப்புத் துண்டு ஒன்று பையில் இருந்தது. மகன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, துண்டை மேலே மடித்துப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டார். உள்ளே ஜம்மென்று நிழல். வெளியே பாதித் துண்டு படபடவென்று பறந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஊரே பார்த்தது.

எல்லை தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் முஷ்டியை உயர்த்தினார்கள். மகனுக்கு ஒரே குஷி. துண்டை விலக்கி அவனும் முஷ்டியை உயர்த்தினான். அடுத்த வளைவில் காக்கிச் சட்டை ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்தா அம்மே, ஜாதையாணோ?"

கட்சி ஊர்வலமா என்று கேட்கிறார். "இல்ல சார், மாசாணியம்மன்" என்றார் அத்தை. அந்தப் பதிலை அவர் எந்தக் கணக்கில் சேர்த்தாரோ தெரியவில்லை. துணியை எடுக்கச் சொன்னார், பக்கத்தில் வரும் வண்டி தெரியாது என்றார். நியாயம்தான். அத்தை துண்டை உருவி மடித்து, அவருக்கும் கொஞ்சம் குங்குமம் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

மீதி வழி முழுக்க வெயில் மகன் முகத்தில். அப்போதுதான் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறந்தது. நாம் காலையில் கிழக்கே போகிறோம், எதிர் வெயில். சாயங்காலம் மேற்கே வருகிறோம், மறுபடி எதிர் வெயில். பொள்ளாச்சிக்காரர்கள் இங்கே வந்தால் போக வர இரண்டு நேரமும் வெயில் அவர்கள் முதுகில்தான்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இனிமே சம்பந்தி வீட்டாளுகளே இங்க வரட்டும். பாவம், குழந்தைகளை எதுக்கு வாட்டணும்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா வர்றோம் கண்ணு. உங்கப்பாவுக்கும் பொழுது போகல. வந்தா ஒரு மாசம் தங்கிட்டே போறோம்னு உங்கத்தைகிட்டச் சொல்லு."

சொன்னேன். அத்தை முற்றத்தில் காய்ந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டே, "அந்த ரோட்ல வெயில் அப்படியொண்ணும் கடுமையில்ல" என்றார்.