வேலை பார்க்கவும் ஊர் பார்க்கவும்

அக்டோபர் 2, 2024
தண்டையார்பேட்டை

ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற விடும் 462 விசாவுக்கான குலுக்கல் நேற்று திறந்தது. ராத்திரி சாப்பிட்டதும் பதிவு செய்துவிட்டேன். பாஸ்போர்ட், பான் கார்டு, 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம், அவ்வளவுதான். நம் பணத்தில் சுமார் 1,400 ரூபாய். கல்மண்டபம் பக்கம் ஒரு ஏஜென்சியில் பேர் வர வைப்பதாகச் சொல்லி 50,000 கேட்கிறார்களாம். கம்ப்யூட்டர் எடுக்கிற குலுக்கல் இது, யாரும் சிபாரிசு செய்ய முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பணம் கட்டக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

2022இல் இரு நாடுகளும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் வந்த விசா இது. இந்தியர்களுக்கு இந்த வருடம்தான் முதல் முறை, 1,000 பேருக்கு. வயது 18 முதல் 30 வரை, பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு, கையில் 5,000 டாலர். 12 மாதம் தங்கலாம். வேலை செய்து சம்பாதித்து, அந்தக் காசிலேயே ஊர் சுற்றலாம்.

பாரிமுனையில் கிளியரிங் ஆபீசில் வேலை எனக்கு. ஃப்ரிமாண்டில், மெல்போர்ன் என்று பில்லில் அடித்து அடித்து விரல் பழகிவிட்டது. அந்தத் துறைமுகங்களை நேரில் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 6

ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிக்கொண்டு சித்தப்பா வந்தார். அம்மா ஆரம்பித்துவிட்டாள். "இருக்கிற வேலையை உட்டுட்டு ஒரு வருஷம் ஊர் சுத்தப் போறாளாம், கேளு."

எங்கள் பக்கம் வெளிநாடு போவது கடன் அடைக்க, தங்கை கல்யாணத்துக்கு, இல்லையென்றால் மாடி எடுக்க. சித்தப்பா சவுதியில் தம்மாமில் வெல்டராக இருந்ததும் அப்படித்தான். நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க அவர் அங்கேதான். பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். கேம்ப், பஸ், சைட். மறுபடி பஸ், கேம்ப். அவருடைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். சட்டைதான் மாறுகிறது. எல்லாப் படத்திலும் பின்னால் அதே இரண்டடுக்குக் கட்டில், அதே பச்சைப் போர்வை, ஆணியில் தொங்கும் அதே சாப்பாட்டுப் பை. "கடல் பக்கத்துலதான் இருந்துச்சு, ஒரு வாட்டிதான் போனேன்" என்றார்.

462இல் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. அதைச் சொன்னதும் ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப புடிக்கலைன்னா வேற இடத்துக்குப் போலாமா?" போகலாம் சித்தப்பா. எனக்கு இந்த விசாவில் பிடித்ததே அதுதான்.

அக்டோபர் 17

மழையால் இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பதிவு செய்துவிட்டார்களாம். நாற்பதில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இனியும் ஆள் சேரும்.

இருந்தாலும் கணக்குப் போட்டேன். அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.10 டாலர். நிரந்தரமில்லாத வேலைக்கு அதன்மேல் 25 சதவீதம் சேர்த்துச் சுமார் 30. வாரம் 38 மணி நேரம் வேலை கிடைத்தால் 1,145. முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி போகும். மீதி 970 சொச்சம். தங்கவும் சாப்பிடவும் 450 ஒதுக்கினால் வாரம் 500 நிற்கும். எல்லா வாரமும் வேலை இருக்காது, மழை பெய்தால் தோட்டத்தில் பறிப்பு நின்றுவிடும். பழத்தோட்டத்தில் எடைக்கூலி பேசினாலும் மணிக்கூலிக்குக் குறையக் கூடாது என்று 2022இல் சட்டம் வந்திருக்கிறது. இது தெரியாமல் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

குவீன்ஸ்லாந்தில் போவன் என்ற ஊரில் வருடக் கடைசியில் மாங்காய் பறிப்பு. மாங்காய்ப்பால் பட்டால் கை வெந்துபோகும், அதனால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். மூன்று மாதம் இப்படி வேலை செய்தால் இரண்டாவது வருட விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

சேர்ந்த காசில் சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ரயில். 4,352 கிலோமீட்டர். நல்லர்பார் வெளியில் 478 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது. பெரம்பூரில் ரயில் பெட்டி ரிப்பேர் பார்த்து ரிட்டையரான நைனாவிடம் சொன்னதும் "வளைவே இல்லன்னா சக்கரம் எப்படித் தேயும்?" என்று கேட்டு, அரை மணி நேரம் அதையே பேசினார்.

அக்டோபர் 31

தீபாவளி. குலுக்கல் பதிவு இன்றோடு முடிகிறது. மெயில் எதுவும் வரவில்லை.

பிப்ரவரி 18, 2025

இன்னும் வரவில்லை. ஆனால் பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டக் குலுக்கல் இன்று திறந்தது, பதிவு செய்துவிட்டேன். கட்டணம் இல்லை. வருடத்துக்கு 3,000 இடம், இரண்டு வருட விசா, டிகிரி வேண்டும், என் பி.காம் போதும். பேர் வந்தால்தான் செலவு. சுகாதாரக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 776 பவுண்டு. சேமிப்பில் 2,530 பவுண்டு, சுமார் 2.75 லட்சம், 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும்.

சீட்டு அடுத்த மாதம் முடிகிறது. நடுவில் தள்ளி எடுக்காததால் முழுத் தொகையும் வரும். அம்மா அதை வளையலுக்கு என்று வைத்திருந்தாள். "அவ கணக்குலயே போடு" என்று நைனா சொல்லிவிட்டார்.