மின்வெட்டு நேரத்து 304

2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடி நேரத்தில், திருகோணமலையில் ஒரு கடன் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கணினி ஓடாது, விசிறி சுற்றாது, தவணை மட்டும் நிற்காது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகைக் கரையில் ஏற்றி வைத்திருப்பவரிடம் போய், "அண்ணை, இந்த மாதக் காசு..." என்று கேட்க வேண்டும். திரும்பி வந்தால் கந்தோருக்குள் ஸ்டேப்ளருக்கும் சண்டை.

மத்தியானத்தில் யாரோ சீட்டுக்கட்டை எடுத்துவைத்தார்கள். 304. நாலு பேர், இரண்டு கட்சி. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10. ராசாவுக்கு 3, ராணிக்கு வெறும் 2. பெரிய இடத்து ஆட்களுக்கு மதிப்பில்லாத ஆட்டம், அந்த வருசத்துக்குப் பொருத்தம்தான்.

சும்மா கதைத்துக்கொண்டிருந்தால் பேச்சு சுற்றிச்சுற்றிப் பெற்றோல் வரிசைக்கே வரும். 304இல் அதற்கு வழியில்லை. மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு எது, எந்தச் சீட்டு விழுந்துவிட்டது, கூட்டாளி கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் போடவே தலை போதாது. அரை மணித்தியாலம் வட்டிக்கு அங்கே இடமே இல்லை. களைப்பை ஆற்றுவது ஓய்வு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்களுக்கு வேண்டியிருந்தது வேறொரு வேலை, தோற்றாலும் யாருக்கும் நட்டமில்லாத வேலை.

கணக்குப் பகுதி அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "சனம் றோட்டில வரிசையில நிக்குது, நீங்கள் சிரிச்சு விளையாடுறியள்!" நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்தியது. ஒருநாள் தவணைக்கு அவகாசம் கேட்க வந்த ஐயா ஒருவர், என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "துரும்பால வெட்டு தம்பி, என்ன யோசிக்கிறாய்!" வெட்டினேன், வென்றோம். அப்புறம் அவர் கதிரையை இழுத்துப் போட்டு, கடனைப் பற்றித் தலை குனியாமல் பேசினார். வட்டியைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை நானும் மழுப்பாமல் சொன்னேன். அவகாசக் கடிதத்தை இரண்டு பேருமாக எழுதினோம். அக்கா அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை, விளையாடவும் வரவில்லை.

இப்போது மின்வெட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. இலக்கு மட்டும் மாதாமாதம் ஏறுகிறது. அண்மையில் தலைமையகம் எங்களுக்காக 'மன அழுத்த முகாமைத்துவம்' என்று ஒரு ஸூம் வகுப்பு வைத்தது. சாப்பாட்டு நேரத்தில்.