கடலூர் ஓ.டி. கடைக்கு நானே போட்ட விபிஎன்

கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்டு டவுன்ல, ஒரு கடை, வலை, நைலான் கயிறு, மிதவை, போட் இன்ஜின் ஸ்பேர் எல்லாம் விக்கிறாங்க, அங்க கம்ப்யூட்டர் சம்பந்தமா எது ஆனாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. நான் இருக்கறது பாண்டி லாஸ்பேட்டை. ஒரு தடவ போகணும்னா பஸ்ஸ புடிச்சு அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை எல்லாம் தாண்டி பெண்ணையாத்துப் பாலம் ஏறி கடலூர் போயி, திருப்பாப்புலியூர்ல எறங்கி இன்னொரு பஸ் மாறணும், அரை நாள் காலி. அங்க போயி பாத்தா பிரிண்டர் ஒயர் கழண்டிருக்கும்.

கடையில கணக்கு பாக்கறது ஒரு அக்கா, அவங்க வீடு அரியாங்குப்பம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அதாவது 2024 தடைக்காலம் முடியற நேரம், அவங்க அம்மா கீழ விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு படுத்துட்டாங்க. தடைக்காலம்னா ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட் கடலுக்குப் போகாது, கடையும் சும்மாதான் கெடக்கும்னு நெனப்பீங்க, இல்ல, அப்பதான் எல்லாரும் போட்ட கரையேத்தி இன்ஜின் வேல வல வேல பாப்பாங்க, இவங்களுக்கு சீசனே அதுதான். அந்த நேரத்துல கணக்கு அக்கா இல்லன்னா ஓனருக்கு கை ஒடஞ்ச மாதிரி. "தம்பி, அவங்க வீட்லேருந்தே டாலி சாஃப்ட்வேர்ல கணக்கு போடற மாதிரி ஏதாவது பண்ணி குடுப்பா"ன்னார். அக்கா உடனே "அதான் ஏற்கனவே இருக்கே தம்பி, பழைய பையன் போட்டு குடுத்தானே"ன்னாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

ரூட்டர்ல போயி பாத்தா நெனச்சது சரியாப் போச்சு. அப்ப அவங்க பழைய லைன்ல இருந்தாங்க, அதுல பப்ளிக் ஐபி, அதாவது வெளியேருந்து நேரா வந்து சேரக்கூடிய அட்ரஸ், உண்டு, எனக்கு முன்னாடி வேல பாத்த பையன் டாலி ஓடற விண்டோஸ் மெஷினோட ரிமோட் டெஸ்க்டாப்ப, தூரத்துலேருந்து அந்த ஸ்கிரீன தொறந்து வேல பாக்கற வசதிய, நேரா இன்டர்நெட்டுக்கு தொறந்து விட்டிருக்கான். அதோட வழக்கமான வாசல் நம்பர், 3389ங்கற போர்ட்ட, 3390னு மாத்தி வச்சது மட்டும்தான் அவன் பண்ண பாதுகாப்பு. இன்டர்நெட் முழுக்க எந்த வாசல் தொறந்திருக்குன்னு தடவிப் பாத்துக்கிட்டே இருக்கற புரோகிராமுங்க இருக்கு, அதுக்கு 3389ம் ஒண்ணுதான் 3390ம் ஒண்ணுதான். ஈவென்ட் வியூவர தொறந்து 4625னு ஃபில்டர் போட்டேன், அது பாஸ்வேர்டு தப்பாப் போட்ட ஒவ்வொரு தடவைக்கும் விண்டோஸ் எழுதி வைக்கிற நம்பர். ஸ்க்ரோல் பண்றேன் பண்றேன், முடியவே இல்ல. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், யூசர்னு ஒவ்வொரு பேரா போட்டு ராத்திரி பகலா எவனோ தட்டிக்கிட்டே இருக்கான். அந்த மெஷினோட பாஸ்வேர்டு என்னன்னு கேக்காதீங்க, கடைப் பேரும் 123ம். எப்படி அது வரைக்கும், ஃபைல எல்லாம் பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் வராம இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல, பாடலீஸ்வரர் புண்ணியம்னு அக்கா சொல்றாங்க, இருக்கட்டும்.

முதல் வேலையா அந்த வாசல மூடினேன். அக்காவுக்கு கோவம், ரெண்டு நாள் வேல நின்னு போச்சு.

விபிஎன் போடலாம்னு சொன்னதும் ஓனர் பையன், பெங்களூர்ல வேல பாக்கறாரு, "அதான் யூடியூப்ல விளம்பரம் வருதே, மாசம் இவ்ளோன்னு, அத வாங்கிடலாமே"ன்னார். நெறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. அந்த விளம்பர விபிஎன் வேற, அது நீங்க எந்த ஊர்லேருந்து பாக்கறீங்கன்னு மறைக்கறதுக்கு, உங்க டிராஃபிக் எல்லாம் அவன் சர்வருக்குப் போயி அங்கேருந்து வெளிய போகும். எங்களுக்கு வேண்டியது கடைக்குள்ள போற வழி. அரியாங்குப்பத்துல உக்காந்திருக்கற லேப்டாப், ஓ.டி.ல கடைக்குள்ள ஒயர் சொருகி வச்ச மாதிரி ஆகணும், நடுவுல எவன் பாத்தாலும் ஒண்ணும் புரியக் கூடாது, அவ்ளோதான். இன்னொரு கேள்வியும் வந்துச்சு, இந்தியால விபிஎன் வச்சா அஞ்சு வருஷம் வாடிக்கையாளர் விவரத்த வச்சிருக்கணும்னு கவர்மென்ட் சட்டம் போட்டிருக்கேன்னு. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவு அது, அதுல இந்த விதி பொதுமக்களுக்கு விபிஎன் விக்கிற கம்பெனிகளுக்கானது, ஒரு கம்பெனி தன் ஆளுங்களுக்காக தானே வச்சிக்கிற விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாதுன்னு அவங்களே கேள்வி பதில்ல தெளிவா சொல்லிட்டாங்க. ஆனா ஹேக் ஆச்சுன்னா 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்கிட்ட சொல்லணுங்கறது கம்பெனிகளுக்கும் உண்டு, அத மறந்துடாதீங்க.

நான் எடுத்தது வயர்கார்டுங்கற விபிஎன் சாஃப்ட்வேர். முன்னாடி ஓபன்விபிஎன்னு இன்னொண்ணு போட்டு பழக்கம் உண்டு, நல்லதுதான், ஆனா சர்டிபிகேட் அது இதுன்னு ஃபைல் மேல ஃபைல் வரும், எனக்கு அடுத்து எவன் வந்து பாத்தாலும் முழிப்பான். வயர்கார்டு ஜேசன் டோனன்ஃபெல்டுன்னு ஒருத்தர் எழுதினது, 2020ல லினக்ஸ் கெர்னல் 5.6லயே சேந்துடுச்சு, கோடு மொத்தமே சுமாரா 4000 வரிதான். எனக்கு அதுல ரொம்ப புடிச்ச விஷயம், சாவி, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் உண்டாக்கற ரகசிய எழுத்து வரிசை, சரியில்லாம எவன் தட்டினாலும் "யாருப்பா"ன்னு கூட கேக்காது. பதிலே வராது. வெளியேருந்து ஸ்கேன் பண்றவனுக்கு அங்க ஒரு வாசல் இருக்கறதே தெரியாது. 4625 லிஸ்ட்ட பாத்து நொந்து போனவனுக்கு அந்த அமைதிதான் வேணும்.

சரி, போட்டுடலாம்னு உக்காந்தா அதுக்குள்ள கடையில லைன மாத்திட்டாங்க, புது ஃபைபர், வெல கம்மியாம். ரூட்டர்ல வெளிப்பக்க ஐபி 100.எழுவத்தி என்னமோன்னு ஆரம்பிக்குது. 100.64லேருந்து 100.127 வரைக்கும் வந்தா புரிஞ்சிக்கோங்க, அது உங்க சொந்த ஐபி இல்ல, சிஜிநாட், ஒரே வெளி ஐபிய கம்பெனிக்காரன் பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்கான், வெளியேருந்து நேரா உள்ள வர முடியாது. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத சொந்த ஐபி, வேணும்னு லைன் குடுத்த ஆளுகிட்ட கேட்டா அவர் சொன்ன தொகைய கேட்டு ஓனர் ஃபோன எங்கிட்ட குடுத்துட்டு டீ சொல்லப் போயிட்டார்.

அதனால மும்பையில ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இன்டர்நெட்ல இருக்கற ஒரு சர்வர், வாடகைக்கு எடுத்தேன், மாசம் 500 ரூபாய்க்குள்ள. கடையில ராஸ்பெர்ரி பை 4னு ஒரு குட்டி கம்ப்யூட்டர், அது உள்ளேருந்து வெளிய மும்பைக்கு கூப்பிடும், 25 செகண்டுக்கு ஒரு தடவ "நான் இருக்கேன்"னு ஒரு பாக்கெட் அனுப்பி லைன் மூடிடாம பாத்துக்கும், அக்கா லேப்டாப்பும் மும்பைக்கு கூப்பிடும், ரெண்டும் அங்க சந்திச்சிக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இந்த அமைப்புல விபிஎஸ்ல ஒரு நொடி பூட்டு தொறந்து மறுபடி பூட்டுது, அதாவது அந்த சர்வர் யார் கைக்குப் போகுதோ அவங்க பாக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அதுக்குன்னு தனியா என்கிரிப்ஷன் இருக்கறதால நான் ஒத்துக்கிட்டேன், பூட்டில்லாத ஃபைல் ஷேரிங் மாதிரி எதையாவது இப்படி அனுப்பறதா இருந்தா யோசிச்சிருப்பேன்.

மொத்த வேலையும் அரை மணி நேரம். கனெக்ட் ஆச்சு. அக்கா கனெக்ட் ஆச்சுன்னாங்க, ஆனா டாலி மெஷின் வரல.

ஏன்னா உள்நெட்வொர்க் அட்ரஸ் கடையிலயும் 192.168.1, அக்கா வீட்லயும் 192.168.1. ரூட்டர் வாங்கினா எவனும் மாத்தறது இல்ல இல்லையா, லேப்டாப்புக்கிட்ட டாலி மெஷின் 192.168.1.20 எங்கன்னு கேட்டா அது வீட்டுக்குள்ளயே தேடிக்கிட்டு நிக்குது. அக்கா வீட்ல மாத்தலாம், ஆனா நாளைக்கு ஓனர் வீட்ல, பையன் வீட்ல, எத்தன வீட்ல மாத்தறது? கடையத்தான் மாத்தணும். ஒரு ஞாயித்துக்கிழம போயி 10.27.5னு மாத்தினேன், காலைல போனவன் ராத்திரி எட்டு மணி வரைக்கும். பில் பிரிண்டர், கேமரா டிவிஆர், கைரேகை மெஷின் எல்லாத்துலயும் ஐபிய கையால அடிச்சு வச்சிருக்காங்க, கைரேகை மெஷினோட அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல, மதியம் சாப்பாட்டுக்கு ஓனர் வீட்லேருந்து வஞ்சிரம் குழம்பு வந்துச்சு, அது ஒண்ணுதான் ஆறுதல். நீங்க புதுசா ஆபீஸ் நெட்வொர்க் போடறீங்கன்னா தயவுசெஞ்சு 192.168.0 இல்ல 192.168.1 வைக்காதீங்க, கையெடுத்து கும்புடறேன்.

அடுத்து, கனெக்ட் ஆகுது, லாகின் ஆகுது, டாலி ஸ்கிரீன் பாதி வரைஞ்சு அப்படியே ஒறஞ்சு போகுது. பிங் பண்ணா நல்லா வருது. சின்ன பாக்கெட் போகுது பெரிய பாக்கெட் போகல, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா இருக்கலாங்கற அளவு, அதோட பிரச்சன. வயர்கார்டு சாதாரணமா 1420 வைக்கும், நடுவுல ஏதோ ஒரு லைன் அதத் தாங்கல, ரெண்டு பக்கமும் 1380 வச்சேன், போச்சு. இத கண்டுபுடிக்க ரெண்டு ராத்திரி.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு அக்கா, "தம்பி, விட்டு விட்டு வருதுப்பா". லாக் பாத்தா அக்காவோட சாவி ஒரு நிமிஷம் வீட்டு லைன்லேருந்து வருது, அடுத்த நிமிஷம் மொபைல் நெட்லேருந்து வருது. அக்கா பையன், காலேஜ் படிக்கிறான், லேப்டாப்ல சாவியோட இருந்த கான்ஃபிக் ஃபைல எடுத்து அம்மா ஃபோன்லயும் போட்டு குடுத்திருக்கான், நல்ல எண்ணத்துலதான். வயர்கார்டுக்கு ஒரு சாவின்னா ஒரு ஆள், கடைசியா எங்கேருந்து பேசினானோ அங்கதான் பதில் அனுப்பும், ரெண்டு மெஷின்ல ஒரே சாவி வச்சா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளி விட்டுக்கிட்டே இருக்கும். ஃபோனுக்கு தனி சாவி போட்டு குடுத்தேன். அந்தப் பையன திட்டல, ஆனா சாவிய காப்பி அடிக்கறது எவ்ளோ சுலபம்னு எனக்கு அப்பதான் ஒறச்சது. வயர்கார்டுல பாஸ்வேர்டு, ஓடிபி ஒண்ணும் கெடையாது, லேப்டாப் தொலஞ்சா சாவியும் சேந்துதான் தொலையும். அன்னிக்கே அக்கா லேப்டாப்ல டிஸ்க்க பூட்டற பிட்லாக்கர் போட்டேன். ராஸ்பெர்ரி பை வழியா கடைக்குள்ள போற வழியையும் குறுக்கினேன், அக்கா சாவிக்கு டாலி மெஷினோட ரிமோட் டெஸ்க்டாப் மட்டும், ஓனர் பையனுக்கு கேமரா மட்டும், வேற எங்கயும் தலை காட்ட முடியாது.

இதெல்லாம் முடிஞ்சு மூணு மாசம் நிம்மதி. அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்துச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கத்துலதான் கரைய கடந்துச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழ, லாஸ்பேட்டையில எங்க தெருவே ஆறு. அது முடிஞ்சதும் சாத்தனூர் அணை தொறந்து பெண்ணையாத்துல வெள்ளம், கடலூர் பக்கம் ஊருக்குள்ள தண்ணி. கடைக்குள்ள தண்ணி வரல, ஆனா கரன்ட் கெடையாது, யுபிஎஸ் எத்தன நேரம் தாங்கும். ரெண்டு நாள் கழிச்சு கரன்ட் வந்து வந்து போகுதுன்னு வாட்ச்மேன் அண்ணன் ஃபோன்ல சொன்னார், நெட்டும் இருக்காம், பையில பச்ச லைட்டும் எரியுதாம். ஆனா விபிஎன் வரல. மும்பை சர்வர்ல பாக்கறேன், பை கூப்பிடுது, சர்வர் கண்டுக்க மாட்டேங்குது. அதே சாவிதான், ஒண்ணும் மாத்தல. ஆத்த தாண்டி போகவும் வழி இல்ல. மாத சம்பளக் கணக்கு நிக்குது. சாயங்காலம் பாத்தா தானா கனெக்ட் ஆயிடுச்சு, நான் ஒண்ணுமே பண்ணல. எனக்கு வராததவிட தானா வந்ததுதான் பயமா இருந்துச்சு.

காரணம் கடியாரம். பை 4ல கரன்ட் போனா நேரம் ஓடற பேட்டரி கெடையாது, கடைசியா சேமிச்சு வச்ச நேரத்துலேருந்துதான் எழுந்திரிக்கும், அது கரன்ட் போறதுக்கு முக்கா மணி நேரம் முந்தினதா இருக்கலாம். வயர்கார்டு ஒவ்வொரு தடவ கை குலுக்கும்போதும் நேரத்த சேத்து அனுப்பும், ஏற்கனவே பாத்த நேரத்தவிட பழசா வந்தா, எவனோ பழைய பாக்கெட்ட புடிச்சு திரும்ப அனுப்பறான்னு சர்வர் தூக்கிப் போட்டுடும். கரன்ட் இருவது நிமிஷம் வரும், போயிடும், பை மறுபடி அதே பழைய நேரத்துல எழுந்திரிக்கும், அந்த முக்கா மணி நேரத்த அது தாண்டவே இல்ல. சாயங்காலம் கரன்ட் போகாம நிலையா இருந்ததும் தாண்டிடுச்சு. சரி, இன்டர்நெட்லேருந்து நேரம் வாங்கிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. பாதுகாப்புன்னு நெனச்சு பையிலேருந்து வெளிய விபிஎன் டனல் தவிர எதுவும் போகக் கூடாதுன்னு ஃபயர்வால் போட்டிருந்தவன் நான்தான், நேரம் கேக்கற யுடிபி 123யும் அதுல மாட்டிக்கிச்சு.

இப்ப 123ய தொறந்து விட்டாச்சு, டிஎஸ்3231னு ஒரு குட்டி கடியார மாட்யூலும் சொருகியாச்சு, சில நூறு ரூபா.

தண்ணி வடிஞ்சு கடைக்கு போனப்ப ஓனர் கேட்டார், "எல்லாம் சரி தம்பி, நாளைக்கு நீ இல்லன்னா இத யாரு பாப்பா?" சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா நியாயமான கேள்வி. மாசக் காசு கட்டற சர்வீஸா இருந்தா கூப்பிட ஒரு நம்பராவது இருக்கும், நாமளே போட்டுக்கிட்டா அந்த நம்பர் நான்தான். எல்லா ஐபியும், யாருக்கு எந்த சாவின்னும், ஒருத்தர் வேலைய விட்டு போனா கான்ஃபிக் ஃபைல்ல எந்த பிளாக்க அழிக்கணும்னும் தமிழ்ல நாலு பக்கம் எழுதி பிரின்ட் எடுத்து, விபிஎஸ் பாஸ்வேர்டோட கவர்ல போட்டு கடை லாக்கர்ல வச்சாச்சு. மாசத்துக்கு ஒரு தடவ விபிஎஸ்ஸுக்கும் பைக்கும் அப்டேட் போடறேன், அது அவருக்கு தெரியாது, அதுக்கு பில்லும் போடறது இல்ல, போடணும்.

நேத்து ஓனர் பையன் புது ஃபோன் வாங்கிட்டாராம், "க்யூஆர வாட்ஸப்ல அனுப்புங்க ப்ரோ, ஸ்கேன் பண்ணிக்கிறேன்"ன்னு மெசேஜ். அந்த க்யூஆருக்குள்ள இருக்கறதே சாவிதான். முறைப்படி அவர் ஃபோன்லயே சாவி உண்டாக்கி, அதுக்கு ஜோடியா வர்ற, வெளிய காட்டக்கூடிய பப்ளிக் கீய மட்டும் எனக்கு அனுப்பணும், அத விளக்க ஆரம்பிச்சேன், நீல டிக் வந்துச்சு, பதில் வரல. பொங்கலுக்கு ஊருக்கு வராராம், நேர்லயே ஸ்கேன் பண்ணிக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.