திங்கட்கிழமை வயிற்றுவலி

பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்குக் குழுவினர் கட்டுரை கேட்டதும் ஆண்டுவிழா நாடகத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனம் அங்கே போகவில்லை. டில்லியில் நம் தமிழ்ப் பள்ளியின் சிக் ரூமுக்கே போய்ப் போய் நின்றது. பச்சை ரெக்ஸின் போட்ட பெஞ்சு, மேசைமேல் டெட்டால் பாட்டில், சுவரில் பல் வரிசைப் படம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அந்தப் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் படுத்திருந்த நாட்களுக்குக் கணக்கில்லை. என்னோடு படித்தவர்கள் இதை வாசித்தால் ஞாபகம் வரும்.

நாங்கள் இருந்தது ஜங்புரா பக்கம், பாராபுல்லா நாலாவின் கரையில். ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலத்தின் பெயர்தான் அந்தச் சாக்கடைக்கும். ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அப்பா விழுப்புரம் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தார். மழை பிடித்தால் நாலா ஏறி உள்ளே வரும். புத்தகங்களைக் கயிற்றில் கட்டிக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டு, கட்டில்மேல் விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

வலி காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். தொப்புளைச் சுற்றி முறுக்கும், வாய் நீரூறும், விரல் நுனி மரத்துப் போகும். அம்மா ஓமத்தண்ணி கொடுத்தார், விளக்கெண்ணெய் தடவினார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நிஜாமுத்தீன் தர்காவில் ஓதின தண்ணீர் வாங்கி வந்தார். ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு அழைத்துப் போய் வயிற்றில் திருநீறு பூசினார். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அரைநாள் வரிசையில் நின்றபின் டாக்டர் இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, பரீட்சைக்குப் படிக்கப் பயம்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார். அந்த "ஒண்ணுமில்ல" என் தலையில் பழியாக விழுந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் பள்ளியிலும் என் வலிக்கு நடிப்பு என்று பெயர்.

படிக்கப் பயம் என்றது முழுப் பொய்யில்லை. ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டு ஆறாவதில் ஆங்கிலத்துக்கு மாறிய எல்லோருக்கும் அந்த நடுக்கம் தெரியும். வரிசையாக எழுந்து வாசிக்கச் சொன்னால், எனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணி, அதை மட்டும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்கு அடியில் வேறு பயங்கள் கிடந்தன. வீட்டு முகவரி கேட்டால் என்ன சொல்வது? சரோஜினி நகர், லோதி காலனி அரசுக் குடியிருப்புகளிலிருந்து வரும் தோழிகள் ஒருநாள் வீட்டுக்கு வருகிறோம் என்றால்? இருட்டியபின் பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று மாலை நாலு மணிக்கு மேல் நானும் என் வயதுப் பெண்களும் தண்ணீர் குடிக்க மாட்டோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது குடிசை இடிப்பு. "இடிக்க வர்றாங்களாம்" என்ற பேச்சு எங்கள் பக்கம் சளிக்காய்ச்சல் மாதிரி. ஒரு வாரம் அடங்கும், மறுபடி வரும். நான் பள்ளியில் இருக்கும்போது வந்துவிட்டால்? சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு, வர மாட்டார்கள் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் வயிறு வலிக்காது. திங்கட்கிழமை விடியும்போது கட்டாயம் வலிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் அது வெளியே வந்தது. மண்ணெண்ணெய் போடும் நாளன்று அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ரேஷன் கார்டு இல்லை. 1990ல் வி.பி.சிங் ஆட்சியில் குடிசைவாசிகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த உலோக டோக்கனும் இல்லை. டில்லியில் நமக்கென்று இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அம்மா அலறிக்கொண்டு, வேலை செய்த ஈரக் கையோடு பள்ளிக்கே ஓடி வந்துவிட்டார். திருட்டுப் போயிற்று என்று என்னிடம் சொல்லத்தான் வந்தார். நான் வாயடைத்து நின்றதைப் பார்த்து எங்கள் உயிரியல் டீச்சர் என் பையை வாங்கித் திறந்தார். அடியில், புவியியல் அட்லஸுக்குக் கீழே, பால் கவரை வெட்டிக் கழுவித் தைத்த உறை. அதற்குள் கார்டு, டோக்கன், எனக்கும் அண்ணனுக்குமான பிறப்புச் சான்று. எட்டு மாதமாகத் தினமும் காலையில் எடுத்து மாலையில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். வீடு போனாலும் காகிதம் என் முதுகில் இருக்கும் அல்லவா?

அம்மா அடிக்கக் கை ஓங்கினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்து, "உக்காருங்கம்மா, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "வலி எந்தெந்தக் கிழமை வருது?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் ஏன் வருகிறது என்றே கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியாது. கிழமை தெரியும். சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தை மடித்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் நம் கையில் இருப்பது, மறுபக்கம் இல்லாதது. இடிப்பு மறுபக்கத்துக்குப் போனது. காகிதங்கள் இந்தப் பக்கம் வந்தன: ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதி அவருடைய பீரோவில், சாவி அவரிடம். வாசிப்புக்கு, முந்தின நாளே எனக்குரிய பத்தியைச் சொல்லிவிடுவார். பயம் ஏறும்போது மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னார். இவ்வளவுதான். வலி அடியோடு போகவில்லை. 1994 மார்ச்சில் பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. தேர்வு நடந்த காலையிலும் வந்தது. ஆனால் அது வந்தால் என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

பின்னால் நர்சிங் படித்தபோதுதான் புரிந்தது. பயந்த உடம்பு அட்ரினலினைச் சுரந்து, குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக் கை கால்களுக்குத் திருப்புகிறது. வயிறு முறுக்குவது நிஜம். மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்கள் மரக்கின்றன, அதுவும் நிஜம். மஸ்கட்டில் குழந்தைகள் வார்டில் இருபது வருடமாகப் பார்க்கிறேன்: காரணம் தெரியாத வயிற்றுவலியோடு வரும் பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரிதும் மதிக்கும் இன்னொரு ஆய்வு நம் டில்லியிலேயே, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் நடந்து 2020ல் வெளியானது. மனநல மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள், படக்கதைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, சுமார் மூன்று வாரத்தில் நாலைந்து சந்திப்பு. பிரச்சினையைப் பிள்ளையே சொல்லி, உடைத்து, ஒரு வழியைத் தேர்ந்து செய்து பார்க்க வேண்டும். தாங்களாகச் சொன்ன பிரச்சினைகளின் பாரம் பிள்ளைகளுக்குக் குறைந்தது. படித்தபோது அந்த ரஃப் நோட்டுக் கோடு கண்முன் வந்தது.

அதனால் நம் முன்னாள் மாணவர் சங்கத்திடம் கேட்கிறேன். ஆண்டுதோறும் முதல் மூன்று மதிப்பெண்ணுக்கு நாம் அனுப்பும் பணத்தில் பாதியையாவது ஒரு ஆலோசகரின் சம்பளத்துக்குக் கொடுப்போம். தமிழும் இந்தியும் தெரிந்தவர், வாரம் மூன்று நாள், கதவு மூடும் ஒரு அறை. முதல் மூன்று பேர் நாம் இல்லாமலும் படித்துவிடுவார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைக்கப் பணமே வேண்டாம். ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா பையில் என்றால் பிள்ளை எப்படி அழைக்கும்? ஆள்தான் வேண்டும்.

எங்கள் கரை இப்போது இல்லை. வெள்ளம் வடிய நாலாவைத் துப்புரவாக்க வேண்டுமென்ற நீதிமன்ற உத்தரவின்படி எங்கள் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று 189 குடும்பங்களைத்தான் சேர்த்தார்கள், அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. என் கணக்கு தப்பாகிவிட்டது என்ற ஒன்றே அன்று முழுக்க என் மனதில் ஓடியது. பதினான்கு வயதில் நான் நம்பிப் படுத்துறங்கிய கணக்கு அது.

அண்ணன் குடும்பத்துக்கு நரேலாவில் கிடைத்தது. அவன் மகளுக்குப் பத்தாவது, பள்ளியை மாற்ற மனமில்லை, விடியுமுன் கிளம்புகிறாள். போன மாதம் பேசியபோது, "அத்தே, காலையில வயித்த முறுக்குது, அப்பா ஈனோ வாங்கிக் குடுத்தாரு" என்றாள். எந்தக் கிழமை என்று கேட்டேன்.

"தினமும்."

பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன் அத்தே. ஒரிஜினல் பையிலதான் இருக்கு. அப்பாகிட்ட சொல்லிராதீங்க."