இரண்டாவது மணி

மார்ச் 5, 2025, விபூதிப் புதன்

சாம்பல் பூசக் கோயிலுக்குப் போக முடியவில்லை. அம்மா கஞ்சியைத் தள்ளிவிட்டாள், விரதமாம். "ஒருசந்தி" என்றாள். தெளிவாக வருகிற நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று போல. அறுபதுக்கு மேல் ஒருசந்தி கிடையாது, நோயாளிக்கு எந்த வயசிலும் கிடையாது என்றேன். இடது கையால் கரண்டியைத் தட்டிவிட்டாள். வலது கைதான் விழுந்துவிட்டதே.

விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்கிற அளவோடு இருத்தல்: நாலு புண்ணியங்கள். ஞானோபதேச வகுப்பில் ராகம் போட்டுச் சொல்வோம். விவேகம்தான் தேரோட்டி, மற்ற மூன்றும் அது திருப்பிய பக்கம் போகணும் என்பார் சிஸ்டர். அம்மாவிடம் மட்டசனம் மட்டும் தனியாக ஓடுகிறது, தேரோட்டி இல்லாமல்.

மத்தியானம் நாலு கரண்டி குடித்தாள்.

மார்ச் 7, தலைவெள்ளி

சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவந்தார். அம்மா வாயைத் திறந்தபோது அழகாக இருந்தாள்.

வாசல் வரை போய்க் கேட்டேன். உள்ளே எரிந்துகொண்டே டயபர் மாற்றினால் அது புண்ணியத்தில் சேருமா? சிரித்தார். தானாக, சந்தோஷமாக வந்தால்தான் புண்ணியம் முழுசாகப் படிந்துவிட்டது என்பாராம் பழைய வேதசாஸ்திரி தோமா அக்குவினாஸ். "சுளிச்சிக்கிட்டே செய்றீங்களா? அப்போ படிஞ்சிக்கிட்டு இருக்கு." மாவு புளிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் மூன்றும் மட்டும் பழகி வருவதில்லை, கடவுள் ஊற்றுவது என்றார்.

ஊற்றுகிறவர் இந்தத் தெருப்பக்கம் எப்போது வருவார் என்று கேட்கவில்லை.

மார்ச் 9

செபமாலையின் முதல் மூன்று சின்ன மணிகளும் அந்த மூன்றுக்கும்தான். அம்மா இரண்டாவதில் நின்றுவிடுகிறாள். நம்பிக்கை. மறுபடியும் நம்பிக்கை. பேச்சு போனாலும் ஜெபம் வருகிறது, ஆனால் மூன்றாவது மணிக்கு நகர மாட்டேன் என்கிறது. இன்று பதினோரு தடவை எண்ணினேன். பிறகு மணியை நானே அவள் விரலிலிருந்து தள்ளிவிட்டேன். என்னைப் பார்த்தாள்.

மார்ச் 12

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 14

தூக்கம் இல்லை. பாப்பரசர் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்றோடு ஒரு மாசம். அம்மா தினமும் செல்போனைக் காட்டி "பாப்பு?" என்கிறாள்.

பிரான்ஸில் லிசியே மடத்தில் இருந்த புனிதை, சிறுமலர் தெரேசாவை நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் ஒரு வயசான கன்னியாஸ்திரியைக் கோயிலிலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். வேகமாக நடந்தால் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. கொண்டுபோய் உட்காரவைத்து, ரொட்டியை வெட்டிக் கொடுத்து, சிரித்துவிட்டு வருவாளாம். நல்லது. ஆனால் அது ஒரு தாழ்வாரம். ராத்திரி இரண்டரை மணிக்கு யாரும் அவளை மூன்றாவது தடவை எழுப்பவில்லை. 24 வயசில் காசநோயில் போனவளிடம் சண்டை போடுகிறேன், எனக்கு ஐம்பத்து மூன்று.

பொறை என்றால் சுமை. பொறுமை என்ற அர்த்தமும் அதற்கே உண்டு. தமிழ் இதில் பொய் சொல்வதில்லை. சுமை தூக்குகிறவனிடம் முகமும் மலர்ந்திருக்கணும் என்று யார் கேட்டது?

மார்ச் 15

கத்திவிட்டேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 23

பாப்பரசர் மாடத்தில் வந்தார்! சக்கர நாற்காலி, வீங்கின முகம், மூச்சு வாங்குகிற குரல். கீழே கூட்டத்தில் மஞ்சள் பூ வைத்திருந்த ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்து அதைத்தான் பேசினார். அம்மாவுக்கு நாலு தடவை போட்டுக் காட்டினேன். நாலாவது தடவை "பூ" என்றாள். புதிய வார்த்தை!

மார்ச் 30

1995இல் திருவிவிலியம் என்று பைபிளின் புது மொழிபெயர்ப்பு வந்தபோது விசுவாசத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம்பிக்கையை வைத்தார்கள். நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. இது எதிர்நோக்கின் யூபிலி ஆண்டு என்று கோயிலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அம்மா இரண்டாவது மணியில் நின்றுகொண்டு எதைக் கேட்கிறாள்? பழைய நம்பிக்கையையா, புதியதையா? அவளுக்குப் பழையதுதான் தெரியும். குணமாகும் என்று அவள் நம்புகிறாளோ, எனக்குத்தான் அது இல்லையோ.

படுக்கைப்புண் ஒரு ரூபாய் அளவு. இடுப்புக்குக் கீழே.

ஏப்ரல் 6

அண்ணன் வந்தான். அரை மணி நேரம், ஒரு கிலோ ஆப்பிள். அம்மாவால் ஆப்பிள் மெல்ல முடியாது. அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சியை இந்த இரண்டு மாசத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெயரைக்கூடச் சொன்னாள், முழுசாக.

நான் சிரித்தேன். தெரேசா மாதிரியே. காபி போட்டுக் கொடுத்தேன். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கிளம்பும்போது சொன்னான்: "நீ பாத்துக்கிற வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா." என் சிரிப்பை அப்படியே நம்பிவிட்டான். தெரேசாவுக்குப் பிடிக்காத ஒரு சிஸ்டரும் அப்படித்தான் நம்பினாளாம், என்னிடம் என்ன கண்டு இப்படிச் சிரிக்கிறாய் என்று கேட்கிற அளவுக்கு. அந்த சிஸ்டர் மருந்துச் செலவில் பாதி தர வேண்டியவளா என்ன?

யாருக்கு என்ன சேரணுமோ அதைக் கொடுப்பது நீதி. அதுவும் புண்ணியம்தான். அதை மட்டும் ஏன் என்னிடம் யாரும் கேட்பதில்லை, எப்போதும் பொறுமையைத்தான் கேட்கிறார்கள்?

ஏப்ரல் 7

போன் போட்டேன். தொகையைச் சொன்னேன். குரல் உயரவில்லை, நடுங்கியது. "பாக்கலாம்" என்றான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி குடித்தாள், சண்டை இல்லாமல். ஒருசந்தி மறந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

ஏப்ரல் 19

கழுவிவிடும்போது ஒன்றும் தோன்றவில்லை. எரிச்சலும் இல்லை, பிரியமும் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். முடித்தபிறகுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 21

பாப்பரசர் போய்விட்டார். மத்தியானம் செய்தி வந்தது. நேற்றுதானே ஈஸ்டருக்கு மாடத்தில் வந்தார். பனிமய மாதா கோயில் பக்கம் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா அழுதுகொண்டு வந்தாள். அம்மா அறைக்குள் விடவில்லை.

சாயங்காலம் கேட்டாள். "பாப்பு?"

"நல்லா இருக்காரும்மா."

"பூ?"

"பூவும் இருக்கு."

ஏப்ரல் 22

அண்ணன் பாதிப் பணம் அனுப்பியிருக்கிறான். தண்ணி மெத்தைக்குச் சொல்லிவிட்டேன், வியாழன் வருமாம். டிவி இணைப்பைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், செல்போனையும் கண்ணில் காட்டுவதில்லை. செபமாலையில் இன்று இரண்டாவது மணியிலேயே விட்டுவிட்டேன். அவள் போதும் என்கிற வரை.