மாயாமாளவகௌளைக்கு ஒரு ரிவெர்ப் பெடல்

ஆறு மாதமாக என் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே இரண்டே பெடல்கள், அதாவது காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிகள்தான்: சுருதி சேர்க்க ஒரு ட்யூனர், ஒலியைக் கரகரப்பாக்க ஒரு ஓவர்டிரைவ். மூன்றாவதாக, ஒலி அடங்கிய பிறகும் எதிரொலி வால்போல் நீள வைக்கும் ஒரு ரிவெர்ப் வாங்க வேண்டும், 100 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்று போன மாதம் முடிவு செய்தேன். என் பயிற்சி ஆம்பில் ரிவெர்ப் கிடையாது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள வீட்டில் என் அறையோ மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி என்று சத்தத்தைக் குடித்துவிடும் பொருள்களால் நிறைந்தது. எங்கள் புளோக் மாடிப்படியில் நின்று ஒரு தட்டு தட்டினால் கிடைக்கிற எதிரொலி நீளத்தில் பாதிகூட உள்ளே கிடைக்காது.

ஒரு சனிக்கிழமை சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி, கிட்டார் கடைகள் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரத் தம்பி முகம் சுளிக்காமல் நாலு பெடலை மாற்றி மாற்றிப் பெரிய ஆம்பில் இணைத்துக் கொடுத்தார். எல்லாமே அற்புதமாக இருந்தன. அதுதான் சிக்கல். எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

குழப்பத்தைத் தீர்த்தது வயலின் வாசிக்கும் என் அக்கா. நண்பனிடம் இரவல் வாங்கிய டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2 பெடலை ஹால் வகையில் (பெரிய அரங்கத்தின் எதிரொலி) வைத்து, விளையாட்டாக மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "டேய், ரிஷபம் வந்த பிறகும் ஸட்ஜம் போகல. ரெண்டும் அங்கேயே நின்னு சண்டை போடுது பார்."

யோசித்துப் பார்த்தால் எளிய கணக்கு. மாயாமாளவகௌளையில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நான்கு இடங்களில் அரை ஸ்வர இடைவெளி, அதாவது கிட்டாரில் ஒரே ஒரு கட்டை தூரம். ரிவெர்பின் வால் நீளமாக இருந்தால் முந்தைய ஸ்வரம் அடங்குவதற்குள் பக்கத்து ஸ்வரம் அதன் மேல் ஏறிவிடும். மோகன ராகத்தில் அரை ஸ்வர இடைவெளியே கிடையாது. அங்கே வால் எவ்வளவு நீண்டாலும் இனிமைதான். அன்று கடையில் நான் வாசித்தது என்ன? கிட்டார் கடையில் எல்லோரும் வாசிக்கிற மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை. அதன் ஸ்வரங்கள் நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான். அதிலும் அரை ஸ்வரம் இல்லை. பிறகு எந்தப் பெடல்தான் மோசமாகக் கேட்கும்!

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே கடை. இந்த முறை ஒவ்வொரு பெடலிலும் மோகனத்தில் நாலு வரி, மாயாமாளவகௌளையில் நாலு வரி. மெதுவாக இழுத்துக் கமகம் போட்டும் பார்த்தேன். ஹாலில் கமகத்தின் வளைவு கலங்கிப்போய், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. ஷிம்மர் வகை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே இன்னொரு குரலைச் சேர்க்கும். பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் நீண்ட கார்டுகளுக்கு (chord) அழகு, ராகத்துக்கு ஆகாது. ஸ்பிரிங் பரவாயில்லை, ஆனால் பிக்கை அழுத்தி அடித்தால் 'டொய்ங்' என்று துள்ளுகிறது. ஹாமண்ட் ஆர்கன் வழியாகப் பிரபலமான சுருள்கம்பி உத்தி அது. ஃபெண்டர் 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள்ளேயே அதை வைத்த பிறகு கிட்டார் என்றாலே அந்தத் துள்ளல் என்றாகிவிட்டது.

எனக்குப் பிடித்துப்போனது பிளேட். ஜெர்மானிய இஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த இஎம்டி 140 என்ற பெரிய எஃகுத் தகட்டின் ஒலியைப் பின்பற்றும் வகை. தனித்தனி எதிரொலியாகக் கேட்காமல் எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாக வரும். நீளத்தைக் குறைத்து வைத்தால் ஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய விரிப்பு போட்டதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தேவை தெளிவாகிவிட்டது: நல்ல பிளேட், எதிரொலியின் அளவைக் கூட்டிக் குறைக்கத் தனியாக மிக்ஸ் குமிழ், ஒலியின் கூர்மையைக் குறைக்க டோன். பாஸ் ஆர்வி-6 அருமை, ஆனால் என் பணப்பைக்கு எட்டாது. பெரிங்கர் டிஆர்600இல் ஆறு வகை உண்டு. உடல் பிளாஸ்டிக்தான் என்றாலும் வீட்டில் வாசிக்கிறவனுக்கு அது குறையே இல்லை. கடைசியில் டிசி எலக்ட்ரானிக் ஸ்கைசர்ஃபர் பக்கம் சாய்ந்தேன். ஸ்பிரிங், பிளேட், ஹால் என்று மூன்றே வகை, மூன்றே குமிழ். பழைய பொருள்கள் கைமாறும் கரோசல் செயலியில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். அங் மோ கியோ எம்ஆர்டி ரயில் நிலையக் கதவருகே சந்தித்து 48 வெள்ளி கொடுத்தேன். அடாப்டர் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார். இருக்கவே இருக்கிறது நம்மிடம் ஒன்று என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு இரண்டு இரவுகளைத் தின்றது. ஒரே அடாப்டரிலிருந்து கிளைக் கேபிள் போட்டு ஓவர்டிரைவுக்கும் ரிவெர்புக்கும் மின்சாரம் கொடுத்தால், கொசு ரீங்காரம்போல் ஒரு கூர்மையான ஒலி. பெடல்தான் கெட்டுப்போனதோ, 48 வெள்ளி போச்சோ என்று வயிற்றைக் கலக்கியது. ஓவர்டிரைவுக்குப் பேட்டரி போட்டேன், ரீங்காரம் சட்டென்று நின்றது. டிஜிட்டல் பெடலுக்குள் இருக்கும் கடிகாரத் துடிப்பின் இரைச்சல் பொதுவான மின்கம்பி வழியாக ஓவர்டிரைவுக்குள் கசிய, அதை அது பெரிதாக்கியிருக்கிறது. இப்போது ரிவெர்புக்கென்று தனி அடாப்டர்: 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். இந்த நடுமுனை விஷயத்தைப் பார்க்காமல் ஏதோ ஒரு 9 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள்.

வரிசையையும் ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். ரிவெர்பை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் மிக்ஸியில் சட்னி அரைப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஓவர்டிரைவ் பெரிய ஒலியை அமுக்கிச் சின்ன ஒலியைத் தூக்கும். அதனால் மெல்லத் தேய வேண்டிய வால், ஸ்வரத்துக்குச் சமமாக எழுந்து நிற்கிறது. ரிவெர்ப் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

இப்போதைய அமைப்பு, குமிழைக் கடிகார முள்போல் பார்த்தால்: பிளேட், நீளம் பத்து மணி, டோன் பதினொன்று. மிக்ஸ்தான் அலைகிறது. இரவில் ஆம்பைத் தாழ்த்தி வைத்தால் வால் காதில் விழுவதில்லை, கூட்டுகிறேன். ஹெட்ஃபோன் போட்டால் அதே அளவு கோயில் மண்டபம்போல் முழங்குகிறது, குறைக்கிறேன்.

போன ஞாயிறு அக்கா வந்தாள். சரளி வரிசையில் ஆரம்பித்து, ஜண்டை வரிசை வரை கேட்டாள். பிறகு குனிந்து, எது என்ன என்றுகூடக் கேட்காமல், ஒரு குமிழை லேசாக இடப்பக்கம் திருப்பிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். மிக்ஸ், ஒன்பது மணி. இன்னும் அப்படியே இருக்கிறது.